முதலில் முகவரி, அப்புறம்தான் மற்றதெல்லாம்: ஜெர்மனி போகும் மாணவர்களின் கேள்விகள்

அக்டோபரில் அங்கே குளிர்கால செமஸ்டர் தொடங்குகிறது என்பதால், ஜெர்மனிக்குக் கிளம்பும் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் அனுப்பிய கேள்விகளாகவே இந்த இதழுக்கு வந்து குவிந்திருக்கின்றன. படிப்பைப் பற்றி யாரும் கேட்கவில்லை, எல்லோரும் கேட்பது இறங்கிய பிறகு ஓட வேண்டிய அலுவலகங்களைப் பற்றித்தான். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். பெயர்களைத் தவிர்த்து ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

என் மகளுக்கு பெர்லினில் மாஸ்டர்ஸ் சீட் கிடைத்திருக்கிறது. செப்டம்பர் கடைசியில் கிளம்புகிறாள். வாட்ஸ்அப் குழுவில் ஆளுக்கொரு பட்டியல் போடுகிறார்கள், ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. இறங்கியதும் முதலில் எதைச் செய்ய வேண்டும்? — ஒரு தாய், திருச்சி

முகவரிப் பதிவு, அம்மா. அன்மெல்டுங் என்று அந்தக் குழுவிலேயே ஆயிரம் முறை சொல்லியிருப்பார்கள். ஒரு வீட்டில் குடியேறினால் இரண்டு வாரத்துக்குள் அந்த ஊர் அலுவலகத்தில் போய், இன்ன முகவரியில் இருக்கிறேன் என்று பதிந்துகொள்ள வேண்டும் என்பது அந்த நாட்டுச் சட்டம். வெளிநாட்டவருக்கு மட்டும் என்றில்லை, ஜெர்மானியர்களும் வீடு மாறினால் இதையேதான் செய்கிறார்கள். நம் ஊரில் எங்கே போனாலும் ஆதார் கேட்பதுபோல அங்கே இந்தப் பதிவுச் சான்றைக் கேட்பார்கள். வங்கிக் கணக்கு, வரி எண், விசாவுக்கு அப்புறம் வாங்க வேண்டிய குடியிருப்பு அனுமதி என்று எல்லாமே இதன் பின்னால்தான் நிற்கின்றன.

இதற்கு மூன்று தாள் வேண்டும். பாஸ்போர்ட் இருக்கிறது, பதிவுப் படிவத்தை இணையத்திலேயே எடுத்துக்கொள்ளலாம். மூன்றாவதில்தான் பிள்ளைகள் மாட்டிக்கொள்கிறார்கள். வோனுங்ஸ்கேபர்பெஷ்டேட்டிகுங் என்று நீளமான பெயர் அதற்கு. இவர் இன்ன தேதியில் என் வீட்டில் குடியேறினார் என்று வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டுத் தரும் ஒரு பக்கத் தாள், அவ்வளவுதான். 2015 நவம்பரில் இருந்து இது கட்டாயம். வாடகை ஒப்பந்தத்தைக் கொண்டுபோய் நீட்டினால் போதாது, இந்தத் தாளே வேண்டும். அதனால் அறை பேசும்போதே, முன்பணம் அனுப்புவதற்கு முன்பே, இந்தக் கடிதம் தருவீர்களா என்று எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். பயணிகள் தங்கும் ஹாஸ்டல், குறுகிய கால வாடகை அறை போன்ற இடங்களில் பெரும்பாலும் தருவதில்லை. அங்கே ஒரு மாதம் தங்கிக்கொண்டு மெல்ல வீடு தேடலாம் என்று நினைத்து வருபவர்களுக்கு அந்த ஒரு மாதமும் எந்த வேலையும் நகராது.

பெர்லினில் இன்னொரு தலைவலி, அலுவலகத்தில் நேரம் கிடைப்பது. அங்கே பியூர்கராம்ட் என்ற மக்கள் அலுவலகங்கள் பகுதிக்குப் பகுதி இருக்கின்றன, மகள் தங்கும் பகுதியில் உள்ள அலுவலகத்துக்கே போக வேண்டும் என்று கட்டாயம் இல்லை, நகரத்தில் எங்கே நேரம் கிடைத்தாலும் போகலாம். இணையத்தில் எல்லா நாளும் நிரம்பியிருப்பதாகக் காட்டினால் பயப்பட வேண்டாம், மற்றவர்கள் ரத்து செய்யும் நேரங்கள் திரும்ப வந்துகொண்டே இருக்கும், காலையில் அலுவலகம் திறக்கும் வேளையில் பார்ப்பது நல்லது. 115 என்ற அரசு எண்ணிலும் கேட்கலாம். வீட்டு முகவரி உறுதியாகிவிட்டால் இங்கிருந்து கிளம்பும் முன்பே நேரம் எடுத்து வைத்துவிடலாம், அதை நான் வற்புறுத்தியே சொல்வேன். இரண்டு வாரத்துக்குள் நேரமே கிடைக்கவில்லை என்றால் முன்பதிவு செய்ததற்கான மின்னஞ்சலைப் பத்திரமாக வைத்திருக்கட்டும். முயற்சி செய்தவர்மேல் யாரும் பாய்வதில்லை.

அப்புறம் சின்ன விஷயம் என்று எல்லோரும் விட்டுவிடுகிற ஒன்று. குடியேறிய அன்றைக்கே தபால்பெட்டியில் மகளின் பெயரை ஒட்டச் சொல்லுங்கள். அங்கே கதவு எண் பார்த்துத் தபால் போடுவதில்லை, பெட்டியில் உள்ள பெயரைப் பார்த்துத்தான் போடுவார்கள், பெயர் இல்லையென்றால் கடிதம் திரும்பிப் போய்விடும். வரி எண், காப்பீட்டு அட்டை, வங்கியின் ரகசிய எண் எல்லாம் தபாலில்தான் வரும். பதிவு முடிந்து சில வாரத்தில் பான் நகரில் இருக்கும் மத்திய வரி அலுவலகத்தில் இருந்து 11 இலக்க வரி எண் தாங்கிய கடிதம் வரும், அது வாழ்நாள் முழுக்க மாறாத எண். அந்தக் கடிதத்தைத் தொலைத்துவிட்டு முதல் சம்பளத்தில் அதிகபட்ச வரி பிடிபட்டு அலையும் பிள்ளைகளை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன்.

எனக்கு அக்டோபரில் கிளாஸ், இன்னும் வீடு கிடைக்கவில்லை. டெலிகிராமில் நம் ஊர் அண்ணன் ஒருவர் பணம் கொடுத்தால் அவர் முகவரியில் பதிவு மட்டும் செய்து தருகிறேன் என்கிறார், அங்கே தங்க முடியாது. செய்யலாமா? — சேலம்

செய்யாதீர்கள், தம்பி. குடியிருக்காத வீட்டில் பதிவு செய்ய முகவரி கொடுப்பவருக்கு 50,000 யூரோ வரை அபராதம் போட அந்த நாட்டின் முகவரிப் பதிவுச் சட்டத்தில் இடம் இருக்கிறது, பொய்யாகப் பதிந்துகொள்பவருக்கும் அபராதம் உண்டு. அதை விடவும் நான் பயப்படுவது வேறு ஒன்றுக்கு. உங்கள் வரி எண், வங்கிக் கடிதம், குடியேற்ற அலுவலகம் அனுப்பும் கெடு தேதி எல்லாம் முன்பின் தெரியாத ஒருவரின் தபால்பெட்டியில் போய் விழும். பணம் வாங்கியவர் இரண்டு மாதத்தில் வீட்டைக் காலி செய்துவிட்டால் உங்களுக்கு வந்த கடிதம் எங்கே போனது என்று கேட்கவும் ஆள் இருக்காது. ஜெர்மன் அலுவலகங்களைப் பொறுத்தவரை பதிந்த முகவரிக்குக் கடிதம் போய்ச் சேர்ந்துவிட்டால் நீங்கள் படித்ததாகத்தான் கணக்கு.

வேறு என்ன வழி என்கிறீர்களா? ஒவ்வொரு ஊரிலும் ஷ்டுடியரெண்டன்வெர்க் என்ற மாணவர் நல அமைப்பு விடுதிகளை நடத்துகிறது, அட்மிஷன் வந்த அன்றே அதில் பெயர் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை என்றால் இன்றைக்குக் கொடுங்கள், செமஸ்டர் தொடங்கும் நேரத்தில் வராமல் போகிறவர்களின் அறை காலியாகும். பல்கலைக்கழகத்தின் சர்வதேச அலுவலகத்துக்கு எழுதி, தற்காலிக இடம் ஏதாவது உண்டா என்று கேளுங்கள், பல ஊர்களில் அக்டோபரில் மட்டும் சில ஏற்பாடுகள் செய்வார்கள். பக்கத்துச் சிற்றூரில் தேடுங்கள், மாணவர்களுக்கான பயணச் சீட்டான செமஸ்டர் டிக்கெட் இருந்தால் ரயில் செலவு தனியாக வராது. அடுத்தது ஸ்விஷென்மீட்டே, அதாவது வெளியூர் போகும் மாணவர் தன் அறையைச் சில மாதத்துக்கு உள்வாடகைக்கு விடுவது. இதில் வீட்டுக்காரரின் சம்மதம் இருந்தால் பதிவும் செய்துகொள்ளலாம். அந்தச் சம்மதம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுவிடுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. வெளிநாட்டில் இருக்கிறேன், சாவியைத் தபாலில் அனுப்புகிறேன், முதலில் டெபாசிட் அனுப்புங்கள் என்று யார் சொன்னாலும் அது மோசடி. வீட்டைக் காட்டாமல் பணம் கேட்பவருக்கு ஒரு யூரோவும் அனுப்பாதீர்கள். அங்கேயே இருக்கும் சீனியர் யாராவது போய்ப் பார்த்தால்கூடப் போதும். முறையான டெபாசிட் என்பது மூன்று மாத அடிப்படை வாடகைக்கு மேல் போகக் கூடாது, அதையும் மூன்று தவணையாகக் கட்ட உங்களுக்கு உரிமை இருக்கிறது.

பையன் கெம்னிட்ஸில் படிக்கப் போகிறான். விசாவுக்காக ஒரு வருடச் செலவுப் பணத்தை முன்கூட்டியே போட்டு வைக்கச் சொல்லும் பிளாக்டு அக்கவுண்டில் 11,904 யூரோ போட்டுவிட்டோம். கையிலும் பணம் கொடுத்தனுப்ப வேண்டுமா, அல்லது அதிலேயே சமாளிக்கலாமா? — ஒரு தந்தை, ஈரோடு

கொடுத்தனுப்புங்கள். அந்த 11,904 யூரோ (2024 செப்டம்பரில் இந்த அளவுக்கு உயர்த்தினார்கள்) பன்னிரண்டாகப் பிரிந்து மாதம் 992 யூரோவாகத்தான் வெளியே வரும். அதுவும் இறங்கிய அன்றே வராது. பையன் அங்கே போய் ஒரு சாதாரண வங்கிக் கணக்கைத் தொடங்கி, அந்த எண்ணையும் கேட்கும் தாள்களையும் பிளாக்டு அக்கவுண்ட் நிறுவனத்துக்குக் கொடுத்த பிறகுதான் முதல் மாதப் பணம் நகரும். முகவரிப் பதிவு தாமதமானால் வங்கிக் கணக்கு தாமதம், கணக்கு தாமதமானால் இதுவும் தாமதம். இரண்டு மூன்று வாரம் கைப்பணத்தில்தான் ஓட வேண்டியிருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் மாதச் செலவோ மற்ற மாதங்களைப் போல இருக்காது. கெம்னிட்ஸ் வாடகை குறைவான ஊர், விடுதி அறை சுமார் 300 யூரோவில் கிடைத்தாலும் முதல் மாத வாடகை, டெபாசிட், காப்பீடு, போர்வை, பாத்திரம், குளிர்கால ஜாக்கெட் என்று சேர்த்தால் 992 யூரோ தாங்காது. மியூனிக் மாதிரியான ஊர் என்றால் சொல்லவே வேண்டாம். என் கணிப்பில் சிறிய ஊருக்கு 1,500 யூரோ, பெரிய ஊருக்கு 2,500 யூரோ தனியாக இருந்தால் பிள்ளை நிம்மதியாக இருப்பான். அதில் கொஞ்சம் மட்டும் ரொக்கம், மீதி ஃபாரெக்ஸ் கார்டில். கடன் வாங்கித்தான் அனுப்புகிறீர்கள் என்றால் இந்தத் தொகையையும் சேர்த்தே வங்கியில் கேளுங்கள், பிறகு அவசரத்துக்கு நகையை வைக்கும் நிலை வர வேண்டாம்.

வங்கிகள் மாணவர் என்று மறுத்தால், ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டப்படி வசிக்கும் எவருக்கும் அடிப்படைக் கணக்கு தர வேண்டும் என்று 2016ல் இருந்து அங்கே சட்டம் இருக்கிறது. பாஸிஸ்கோன்டோ என்று பெயர் சொல்லியே கேட்கலாம்.

தனியார் காப்பீடு மாதம் 30, 40 யூரோவுக்குக் கிடைக்கிறது. அரசு முறைக் காப்பீட்டுக்கு ஏன் நாலு மடங்கு கட்ட வேண்டும்? எனக்கு வயது 24. என் கூட வரும் நண்பருக்கு 31. — மதுரை

உங்களுக்கு ஒரு பதில், நண்பருக்கு வேறு பதில்.

30 வயதுக்கு உட்பட்ட மாணவராக நீங்கள் டிகே, ஆஓகே, பார்மர் போன்ற பொதுக் காப்பீட்டு அமைப்பு ஒன்றில் சேர வேண்டும். மாணவர் கட்டணம் நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீட்டையும் சேர்த்து மாதம் 140, 150 யூரோவை ஒட்டி வரும், 23 வயது தாண்டி குழந்தை இல்லாதவர்களுக்குக் கொஞ்சம் கூடும். அதிகமாகத் தெரியலாம். ஆனால் டாக்டரிடம் போனால் அட்டையை நீட்டிவிட்டு வந்துவிடலாம், ஆஸ்பத்திரியில் படுத்தால் லட்சக்கணக்கில் முன்பணம் கட்டச் சொல்ல மாட்டார்கள், ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பணம் தர மாட்டோம் என்று சொல்லவும் முடியாது. 30 யூரோ பாலிசிகளில் பெரும்பாலானவை பயணக் காப்பீட்டின் நீட்சிதான், பழைய நோய், பல், மனநலம் என்று விலக்குகள் பக்கம் பக்கமாக இருக்கும்.

முக்கியமானது இதுதான்: பொதுக் காப்பீடு வேண்டாம் என்று ஒருமுறை விலக்கு வாங்கிவிட்டால் அந்தப் படிப்பு முடியும்வரை மாணவர் கட்டணத்துக்குத் திரும்பி வர முடியாது. நடுவில் உடம்புக்கு ஏதாவது வந்து, அந்தச் சின்ன பாலிசி கைவிட்ட பிறகு கதவைத் தட்டினால் திறக்காது. மாதம் நூறு யூரோ மிச்சம் என்ற கணக்கில் இந்த முடிவை எடுக்காதீர்கள். பிளாக்டு அக்கவுண்டோடு சேர்த்து ஒரே கட்டாக விற்கும்போதும் எந்தக் காப்பீட்டில் சேர்க்கிறார்கள் என்று படித்துப் பார்த்து டிக் செய்யுங்கள்.

நீங்கள் காப்பீட்டில் இருக்கிறீர்கள் என்ற தகவலை அந்த அமைப்பே மின்னணு முறையில் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும், எம்10 என்று சொல்வார்கள். அது போகாமல் உங்கள் சேர்க்கை முடியாது. செமஸ்டர் தொடங்கும் நாளுக்கு முன்பே இறங்குகிறீர்கள் என்றால் இடைப்பட்ட நாட்களுக்கு மட்டும் பயணக் காப்பீடு எடுத்துக்கொள்ளுங்கள்.

நண்பருக்கு 30 தாண்டிவிட்டதால் மாணவர் கட்டணம் கிடையாது. அவர் முழுமையான தனியார் காப்பீடு பார்க்க வேண்டும், குடியேற்ற அலுவலகம் ஏற்கும் தரத்தில் இருக்கிறதா என்று எழுதிக் கேட்டுவிட்டு எடுக்கட்டும். அவருக்கும் எம்10 வேண்டும், இவர் பொதுக் காப்பீட்டுக்குள் வரமாட்டார் என்ற தகவலை ஒரு பொதுக் காப்பீட்டு அமைப்பு அனுப்பித் தரும். இதைத் தெரியாமல் தனியார் பாலிசித் தாளோடு போய்ப் பல்கலைக்கழகத்தில் நின்று திரும்பி வருபவர்கள் பலர்.

பாஸ்போர்ட்டில் எனக்கு ஒரே பெயர்தான், சர்நேம் இடம் காலி. மார்க் ஷீட்டில் இனிஷியலோடு இருக்கிறது. அங்கே பிரச்சினை வருமா? — திருநெல்வேலி

வரும், ஆனால் சமாளிக்கக் கூடியதுதான். அங்கே எல்லாப் படிவத்திலும் முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம் இருக்கும், கணினி இரண்டையும் நிரப்பாமல் விடாது. ஓர் அலுவலகம் உங்கள் ஒற்றைப் பெயரைக் குடும்பப் பெயர் கட்டத்தில் போடும், இன்னொரு வங்கி அதையே இரண்டு தடவை எழுதும், காப்பீட்டில் அப்பா பெயரை நீங்களே சேர்த்திருப்பீர்கள். மூன்றும் மூன்று ஆளாகத் தெரியும்போதுதான் சிக்கல். வங்கியின் வீடியோ அடையாளச் சோதனை நின்றுபோவதும் சம்பளம் திரும்பிப் போவதும் இதனால்தான்.

விசாவுக்கு இன்னும் விண்ணப்பிக்கவில்லை, நேரம் இருக்கிறது என்றால் பாஸ்போர்ட்டை மறுபடி எடுத்து, இனிஷியலை விரித்து சர்நேம் இடத்தை நிரப்பிவிடுங்கள். 2022 நவம்பரில் இருந்து இந்திய மாணவர்களுக்குக் கட்டாயமாக்கப்பட்ட, படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழுக்குப் போகும் முன் இதைச் செய்தால் இன்னும் நல்லது, எல்லாத் தாளிலும் ஒரே பெயர் வந்துவிடும். விசா ஒட்டியாகிவிட்டது என்றால் இனி எதையும் மாற்ற வேண்டாம். விசாவில் எப்படி அச்சாகியிருக்கிறதோ அதே எழுத்து, அதே வரிசை, எல்லா இடத்திலும். முகவரிப் பதிவு செய்யும்போது அலுவலர் தட்டச்சு செய்ததை அச்செடுத்துக் கொடுப்பார், எழுந்து வருவதற்கு முன் ஒவ்வொரு எழுத்தாகப் படியுங்கள், அப்போதே சொன்னால் ஒரு நிமிடத்தில் திருத்திவிடுவார். தபால்பெட்டியிலும் அதே பெயர்தான்.

பதிவுப் படிவத்தில் மதம் கேட்கிறார்களாமே, எதற்கு? — நாகர்கோவில்

தேவாலய வரிக்காக. கத்தோலிக்கர் என்றோ, எவாங்கெலிஷ் எனப்படும் புராட்டஸ்டன்ட் என்றோ பதிந்தால், வேலைக்குப் போய் வருமான வரி கட்டத் தொடங்கும்போது அந்த வரித் தொகையில் 9 சதவீதம் தேவாலயத்துக்கும் பிடிப்பார்கள், பவேரியாவிலும் பாடன்-வூர்ட்டெம்பெர்கிலும் 8 சதவீதம். சம்பளத்தில் இத்தனை சதவீதம் என்று சிலர் பயமுறுத்துவது தவறு. வருமான வரியே வராத அளவு சம்பாதிக்கும் மாணவருக்கு இதுவும் வராது. உங்கள் விசுவாசம் உங்களுடையது, உள்ளதை எழுதுங்கள், எழுதினால் என்ன வரும் என்று தெரிந்து எழுதுங்கள் என்பதற்காகத்தான் சொல்கிறேன். இந்து, முஸ்லிம் மாணவர்களுக்கு இந்த வரி இல்லை.

ஸ்டுட்கார்ட்டில் மூன்று பேர் ஒரே வீட்டில் இருக்கிறோம். டிவி இல்லை, ரேடியோ இல்லை. ஆனால் மூன்று பேருக்கும் ஒளிபரப்புக் கட்டணம் கட்டச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. மோசடியா? — ஒரு மாணவர்

மோசடி இல்லை. ருண்ட்ஃபுங்க்பைட்ராக் என்ற அந்தக் கட்டணம் மாதம் 18.36 யூரோ, டிவி இருக்கிறதா என்பது கணக்கே இல்லை, வீடு இருந்தால் போதும். நீங்கள் முகவரி பதிந்ததும் தகவல் அவர்களுக்குப் போய்விடும். ஆனால் கட்டணம் ஆளுக்கு இல்லை, வீட்டுக்கு. ஒருவர் தன் பெயரில் கட்டட்டும், மற்ற இருவரும் அவருடைய கட்டண எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் எழுதிவிட்டு அவரிடம் பங்கைக் கொடுத்துவிடுங்கள். பதிலே எழுதாமல் கடிதத்தை மூலையில் போட்டால் மூன்று பேர் பெயரிலும் கணக்கு தொடங்கி, பாக்கி சேர்ந்து, வசூல் நடவடிக்கை வரை போகும். இப்போதே எழுதுங்கள்.

ஆகனில் படிக்கிறேன். வீட்டில் வாங்கியிருக்கும் கடனை நினைத்தால் தூக்கம் வரவில்லை, எவ்வளவு வேலை செய்யலாமோ அவ்வளவும் செய்ய நினைக்கிறேன். உணவு டெலிவரியில் ஒருவர் தன் ஐடியைத் தருகிறேன் என்கிறார். — ஒரு மாணவர்

உங்கள் நிலைமை புரிகிறது, ஆனால் அந்த ஐடியைத் தொடாதீர்கள். அடுத்தவர் பெயரில் ஓட்டினால் விபத்து நடந்தால் காப்பீடு இல்லை, சம்பளம் தராவிட்டால் கேட்க உரிமை இல்லை, பிடிபட்டால் உங்கள் குடியிருப்பு அனுமதிக்கே ஆபத்து. சுயதொழிலாகப் பதிந்துகொண்டு ஓட்டச் சொல்லும் இடைத்தரகர்களும் இருக்கிறார்கள். மாணவர் அனுமதியில் சுயதொழில் செய்யத் தனி ஒப்புதல் வேண்டும், அது இல்லாமல் கூடாது. நிறுவனமே நேரடியாக ஒப்பந்தம் போட்டு ஊழியராக எடுத்தால் தாராளமாகப் போங்கள்.

சட்டப்படி வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யலாம், 2024 மார்ச்சுக்கு முன் இது 120, 240 ஆக இருந்தது. வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரத்தைத் தாண்டினால் மாணவர் காப்பீட்டு நிலையும் போய்விடும். பல்கலைக்கழகத்துக்குள்ளேயே ஹிவி என்று சொல்லும் உதவியாளர் வேலை கிடைத்தால் அது இந்த 140 நாளில் சேராது, அதைத்தான் முதலில் தேடச் சொல்வேன், உங்கள் துறைப் பேராசிரியர்களுக்கு நேராக எழுதுங்கள். 2026 ஜனவரியில் இருந்து குறைந்தபட்சக் கூலி மணிக்கு 13.90 யூரோ, மினிஜாப் எனப்படும் சிறு பகுதிநேர வேலைக்கான சம்பள வரம்பு மாதம் 603 யூரோ. அந்தக் குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கையில் ரொக்கமாகத் தருகிறேன் என்று சொல்லும் கடை நம் ஆட்களுடையதாக இருந்தாலும் வேண்டாம். செய்த நாட்களை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள், கேட்டால் காட்டலாம்.

கடனுக்காகப் பரீட்சையைத் தள்ளிப்போடும் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு மனம் கனக்கிறது. ஒரு செமஸ்டர் தள்ளினால் ஆறு மாதச் செலவு கூடுகிறது, அனுமதியை நீட்டிக்கப் போகும்போது ஏன் தாமதம் என்ற கேள்வியும் வருகிறது. வீட்டில் இதை வெளிப்படையாகப் பேசுங்கள், தம்பி.

என் விசா ஜனவரி தொடக்கத்தில் முடிகிறது. குடியேற்ற அலுவலகத்தில் நேரம் கிடைப்பதோ மார்ச்சில்தானாம். தை மாதம் தஞ்சாவூரில் அக்கா கல்யாணம். போய்விட்டு வர முடியுமா? — ஒரு மாணவி, பிராங்க்பர்ட் அருகில்

முடியும், ஆனால் இன்றைக்கே வேலையைத் தொடங்கினால்தான்.

பாஸ்போர்ட்டில் ஒட்டித் தருவது நுழைவு விசா, சில மாதங்களுக்குத்தான். அது முடிவதற்குள் ஔஸ்லெண்டர்பெஹோர்டே எனப்படும் குடியேற்ற அலுவலகத்தில் குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பித்துவிட வேண்டும். கவனியுங்கள், விண்ணப்பித்திருக்க வேண்டும், அட்டை கைக்கு வந்திருக்க வேண்டியதில்லை. விசா செல்லுபடியாகும்போதே விண்ணப்பித்துவிட்டால் முடிவு வரும்வரை பழைய உரிமைகள் தொடர்வதாகச் சட்டம் கருதும். இணைய வழி இருந்தால் அதில், இல்லையென்றால் மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும், தேதி தெரியும்படி அனுப்பிச் சான்றை வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட் நகல், முகவரிப் பதிவுச் சான்று, மாணவர் சேர்க்கைச் சான்று, காப்பீட்டுச் சான்று, அடுத்த வருடத்துக்கான பண ஆதாரம், வாடகை ஒப்பந்தம் இவ்வளவும் வேண்டும். புகைப்படத்தை மட்டும் அச்சடித்துக் கொண்டுபோகாதீர்கள், 2025 மே மாதத்தில் இருந்து டிஜிட்டல் படத்துக்கு மாறிவிட்டார்கள், அலுவலகத்திலேயே எடுக்கலாம் அல்லது அங்கீகாரம் பெற்ற ஸ்டுடியோவில் எடுத்தால் அவர்களே பாதுகாப்பாக அனுப்புவார்கள். முதல் அனுமதிக்குக் கட்டணம் 100 யூரோ. அட்டை பெர்லினில் அச்சாகி வரப் பல வாரம் ஆகும், ஆகவே கல்யாணத்துக்குள் அட்டை வரும் என்று நம்பி டிக்கெட் போடாதீர்கள்.

நீங்கள் கேட்டு வாங்க வேண்டியது ஃபிக்சியோன்ஸ்பெஷைனிகுங் என்ற இடைக்காலச் சான்று, 13 யூரோ. அதை வாங்கியதும் உள்ளே எந்தக் கட்டத்தில் டிக் அடித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். குடியிருப்புச் சட்டத்தின் பிரிவு 81, உட்பிரிவு 4ன்படி பழைய அனுமதி தொடர்கிறது என்ற கட்டமாக இருந்தால் பாஸ்போர்ட்டோடு சேர்த்துக் காட்டி நாட்டுக்குள் திரும்ப வரலாம். உட்பிரிவு 3ன் கட்டமாக இருந்தால் வெளியே போனால் அதை வைத்துத் திரும்ப முடியாது. உங்களைப் போலத் தேசிய விசாவில் வந்து நேரத்தில் விண்ணப்பித்தவர்களுக்கு உட்பிரிவு 4தான் வர வேண்டும், மாறி இருந்தால் கவுன்ட்டரை விட்டு நகராமல் கேளுங்கள். அலுவலகத்துக்கு எழுதும்போது பயணத் தேதியைச் சொல்லி, டிக்கெட்டின் நகலும் கல்யாணப் பத்திரிகையும் இணைத்து, டிசம்பருக்குள் அந்தச் சான்று வேண்டும் என்று ஜெர்மனில் ஒரு பக்கம் எழுதுங்கள். பல்கலைக்கழகச் சர்வதேச அலுவலகத்தில் இதற்கு உதவுவார்கள், சில ஊர்களில் மாணவர்களுக்கென்று அவர்கள் மூலமாகவே தனி நேரம் கிடைக்கிறது.

டிக்கெட் விஷயத்தில் என் யோசனை, சென்னையில் இருந்து பிராங்க்பர்ட்டுக்கு நேரடியாக வரும் விமானத்தையே எடுங்கள், விலை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. அந்த இடைக்காலச் சான்றை வேறு நாட்டு விமான நிலையத்தில் பார்த்துப் பழக்கமில்லாத ஊழியரிடம் விளக்கிக்கொண்டிருப்பது வீண் பதற்றம். சான்றின் கடைசித் தேதி நீங்கள் திரும்பும் நாளுக்குப் பின்னால் இருக்க வேண்டும், விமானம் தாமதமானால் என்று ஒரு வாரமாவது இடைவெளி விடுங்கள். முடிந்துபோன விசா உள்ள பாஸ்போர்ட், சான்றின் அசல், சேர்க்கைச் சான்று, பதிவுச் சான்று எல்லாம் கைப்பையில் இருக்கட்டும், பெட்டியில் போடாதீர்கள். ஜனவரியில் வகுப்பு நடந்துகொண்டிருக்கும், பிப்ரவரியில் பரீட்சை வரும், அதற்குப் பெயர் கொடுக்கும் கடைசி நாள் நீங்கள் தஞ்சாவூரில் இருக்கும்போது வருகிறதா என்றும் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள். நீங்கள் ஊரில் இருக்கும் நாட்களில் தபால்பெட்டியைத் திறந்து பார்க்க அறைத்தோழியிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போங்கள், மார்ச் நேரத்தை முன்னால் மாற்றிக் கடிதம் வந்தாலும் வரலாம்.